தூளும் தூணும்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலேறி ஹேம்ப்ஷியர் சாலைப் பக்கம் திரும்பினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமை அலுவலகம். சிங்கப்பூரின் சாலை, ரயில், பேருந்து அத்தனையும் திட்டமிடப்படுவது இங்கேதான். ஆனால் ஐம்பதைத் தாண்டிய சிங்கப்பூரர்களைக் கேட்டால், “நான் பிறந்த இடம்” என்பார்கள். பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை அது. 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்தன. கின்னஸ் ஏட்டில் ஏறிய கணக்கு. 1997இல் மருத்துவமனை அருகிலேயே புதிய இடத்துக்குப் போனது. பழைய கட்டடங்கள் பிழைத்தன. பிரசவ விடுதி போக்குவரத்து அலுவலகமாயிற்று.

சுழற்சிப் பொருளியலுக்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. எடுத்து, செய்து, எறியும் நேர்கோட்டுக்குப் பதிலாக, ஒருமுறை செய்த பொருளை முடிந்தவரை உழைக்கவிடுவது அது. முதல் படி அப்படியே பயன்படுத்துவது, அடுத்தது பழுதுபார்ப்பது, பிறகு வேறு வேலைக்கு மாற்றுவது. இடித்து நொறுக்கி மறுசுழற்சி செய்வது கடைசிப் படி. சிங்கப்பூரின் போக்குவரத்துக் கட்டமைப்பை இந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. கடைசிப் படியில் இந்த ஊர் கெட்டிக்காரப் பிள்ளை; முதல் படியில் சராசரிதான். தூளைச் சேர்க்கத் தெரிந்த அளவுக்குத் தூணைக் காக்கத் தெரியவில்லை.

கெட்டிக்காரத்தனத்தை முதலில் பார்ப்போம். அது அறத்தால் வந்ததைவிடத் தட்டுப்பாட்டால் வந்தது. மலேசியா 1997இலேயே கடல்மணல் ஏற்றுமதியை நிறுத்தியது. 2007 ஜனவரியில் இந்தோனேசியாவும் மணலை நிறுத்த, கான்கிரீட் விலை எகிறியது. அரசாங்கம் சேமிப்பு மணலைத் திறந்துவிட வேண்டியிருந்தது. இடிபாட்டைப் பொடித்து ஜல்லியாக்குவது அதன்பின் விருப்பமாக இல்லை, அவசியமாகவே ஆகிவிட்டது. மறுமுனையில் குப்பை போட இடமில்லை. 1999இல் திறந்த செமாக்காவ் தீவுதான் நாட்டின் ஒரே குப்பை நிரப்புமிடம். அது 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது கணிப்பு. 2019இல் வெளியிட்ட கழிவில்லாப் பெருந்திட்டம், அங்கே போகும் தலைக்கான கழிவை 2030க்குள் 30 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது.

பலன் கண்கூடு. கட்டுமான, இடிபாட்டுக் கழிவில் சுமார் 99 விழுக்காடு மறுசுழற்சிக்குப் போகிறது. வீட்டுக் கழிவில் அந்த விகிதம் 2023இல் வெறும் 12 விழுக்காடு என்பதை அருகில் வைத்தால் வித்தியாசம் புரியும். துவாஸ் துறைமுகத்தின் முதல் கட்ட நிலமீட்புக்கு வேண்டிய நிரப்புப் பொருளில் பாதிக்கு மேல், கடலடியில் தூர்வாரிய மண்ணும் கட்டுமானப் பணிகளில் தோண்டிய மண்ணுமே. இரண்டு பில்லியன் வெள்ளிக்கு மேல் மிச்சம். நகரத்தின் அடியில் தோண்டியது நாட்டின் மேற்கு ஓரத்தில் தரையாகிறது. குப்பையை எரித்த சாம்பலைப் பதப்படுத்திச் சாலையின் அடித்தளமாக இடும் சோதனை தானா மேரா கோஸ்ட் சாலையில் நடந்திருக்கிறது. இந்தச் சாதனைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் 99 என்ற எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அது எடையின் கணக்கு. ஒரு பொருளின் வாழ்வு முடிந்த பிறகு போடும் கணக்கு. அந்த வாழ்வு எப்போது, ஏன் முடிந்தது என்று அது கேட்பதில்லை.

லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து பத்து நிமிட நடையில் ரோச்சோர் சென்டர் இருந்தது. 1977இல் கட்டிய நான்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகள். வண்ண வண்ணமாய்ப் பூசப்பட்டுச் சுற்றுப்பயணிகளின் படங்களில் இடம்பிடித்தவை. வடக்கு – தெற்கு விரைவுச்சாலைக்காக அவை எடுக்கப்படும் என்று 2011 நவம்பரில் அறிவிப்பு வந்தது. 567 குடும்பங்கள் இடம்மாறின. 2018இல் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. வயது 41.

21.5 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையே தவறு என்று சொல்ல வரவில்லை. வெறும் விரைவுச்சாலையாக வரையப்பட்ட திட்டம் 2016இல் பேருந்துத் தடமும் சைக்கிள் பாதையும் சேர்த்துத் திருத்தப்பட்டது. அது நல்ல திருத்தம். என் கேள்வி கணக்கேட்டைப் பற்றியது. இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கக்கூடிய கான்கிரீட்டை இடித்தால், இடிபாட்டைப் பொடித்து எங்கோ ஒரு சாலைக்கு அடியில் பரப்பிவிடலாம். 99 விழுக்காட்டில் அதுவும் சேரும். வீட்டைத் தாங்கிய தூண் சாலைக்கு அடியில் சரளையாவது தரத்தில் சரிவு. அந்தச் சிமெண்டையும் எஃகையும் செய்யச் செலவான ஆற்றல் திரும்பி வருவதில்லை. கணக்கேட்டில் இழப்பு என்றொரு பத்தியே இல்லாததால் இடிப்பும் சாதனையாகவே பதிவாகிறது.

இன்னும் சற்றுத் தள்ளிப் போனால் சுங்கை ரோடு. 1930களிலிருந்து அங்கே பழைய பொருள் சந்தை நடந்தது. திருட்டுச் சந்தை என்று கேலியாகச் சொன்னாலும் பெரும்பாலும் பழைய சாமான் வாங்கி விற்கும் கராங் குனிக்காரர்களும் வயதானவர்களும் பிழைத்த இடம். கைக்கடிகாரம், வானொலி, துணி, செருப்பு எல்லாம் இரண்டாம், மூன்றாம் கைக்குப் போயின. வெளிநாட்டு மணல் நின்றுபோனதால் வந்த சிக்கனம் அல்ல அது. ஏழைகளின் அன்றாடப் பழக்கம். ஜாலான் புசார் நிலையக் கட்டுமானத்துக்காக 2011இல் சந்தையின் பரப்பு பாதியானது. 2017 ஜூலை 10ஆம் தேதி சந்தையே மூடப்பட்டது. மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 21ஆம் தேதி, நிலையம் திறந்தது. தோண்டிய மண் மறுபயன்பாட்டுக்குப் போகும் நாட்டில், மறுபயன்பாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் கூடி விற்க மாற்றுச் சந்தை ஒதுக்க முடியவில்லை.

விதிவிலக்கு இல்லாமலில்லை. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிய தடம் 2011 ஜூலையில் சிங்கப்பூரின் கைக்கு வந்தது. மனைகளாகப் பிரித்து விற்றிருக்கலாம். இயற்கை ஆர்வலர்களும் குடியிருப்பாளர்களும் குரல் கொடுத்ததால், 24 கிலோமீட்டரும் தொடர்ச்சியான பசுமைப் பாதையாக நிற்கிறது. புக்கித் தீமாவின் இரும்புப் பாலங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அங்குள்ள பழைய நிலையம் 2022இல் மறுபடி திறந்தது. ரயில் போனது, பாதை இருக்கிறது. இடிப்பதற்கு முன்னால் விவாதம் நடந்தால் முடிவு மாறும் என்பதற்கு அதுவே சான்று.

அப்படி விவாதிக்கத் தகவல் வேண்டும். இங்கேதான் மின்னிலக்கக் கருவிகள் உள்ளே வருகின்றன. கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்பே முப்பரிமாணத் தகவல் மாதிரியாக எழுப்பிப் பார்ப்பது சிங்கப்பூரில் பத்தாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். முழு நாட்டுக்குமே ஒரு மின்னிலக்க இரட்டையை உருவாக்க 73 மில்லியன் வெள்ளியில் ‘வெர்ச்சுவல் சிங்கப்பூர்’ திட்டம் 2014இல் அறிவிக்கப்பட்டது. நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் நம்பகமாக வரைபடமாக்கும் ஆய்வும் நடக்கிறது. சுழற்சிப் பொருளியலுக்கு இவை நல்ல துணை. ஓர் உத்திரத்தில் இருக்கும் எஃகு எத்தகையது, எந்த ஆண்டு வார்த்தது, எவ்வளவு பாரம் தாங்கியது என்ற ஜாதகம் கையில் இருந்தால், அதை நொறுக்காமல் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம். ஜாதகம் இல்லாத உத்திரத்தை எந்தப் பொறியாளரும் நம்பிக் கையெழுத்திட மாட்டார். அது தூளாகத்தான் போகும்.

ஆனால் மின்னிலக்கம் தானும் ஒரு பொருள். அதற்கும் குப்பை உண்டு. 2024 ஜனவரி 9ஆம் தேதி, பழைய ஈஸி-லிங்க் அட்டைகளைப் பேருந்து, ரயில் கட்டணத்துக்கு ஜூன் மாதத்திலிருந்து ஏற்கப்போவதில்லை என்ற அறிவிப்பு வந்தது. எல்லாரும் ‘சிம்ப்ளிகோ’ முறைக்கு மாற வேண்டும். புதிய முறையில் அட்டையைத் தட்டும்போது மீதித்தொகை தெரியாது. செயலியைத் திறந்து பார்க்கலாம் என்றார்கள்; பேருந்துப் படியில் ஒரு கையில் காய்கறிப் பையோடு ஏறும் பாட்டிக்கு அந்த யோசனை எப்படி உதவும்? எதிர்ப்பு கிளம்ப, ஜனவரி 22ஆம் தேதியே அறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி கூடுதல் செலவு. நன்றாக வேலை செய்யும் லட்சக்கணக்கான அட்டைகளுக்குக் காலாவதித் தேதி குறிப்பதைச் சுழற்சி என்று யாரும் அழைக்க முடியாது. துணைக்கோள் வழியிலான புதிய சாலைக் கட்டண முறைக்காகச் சுமார் பத்து லட்சம் வண்டிகளில் பழைய கருவியைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். மென்பொருள் பொருளின் ஆயுளைக் கூட்டும் என்று சொல்கிறோம். சில சமயம் அதுவே ஆயுளைக் குறைக்கிறது.

இதைவிடக் கடினமான பாடம் 2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிடைத்தது. கிழக்கு – மேற்குப் பாதையில், முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஓடிய முதல் தலைமுறை ரயிலொன்றின் அச்சுப்பெட்டி கழன்று விழுந்தது. சக்கரச் சட்டம் தடம்புரண்ட நிலையில் ரயில் நகர, 2.55 கிலோமீட்டர் தண்டவாளம் சேதமானது. புவன விஸ்தாவுக்கும் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் இடையே ஆறு நாள் சேவை தடைப்பட்டது. பழையதை உழைக்கவிடு என்று வாதாடும் என்னைப் போன்றவர்களுக்கு இது கசப்பான செய்தி.

விசாரணையில் தெரிந்தது என்ன? 500,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்யவேண்டிய முழுப் பராமரிப்பின் இடைவெளி படிப்படியாக 750,000 வரை நீட்டப்பட்டிருந்தது. புதிய ரயில்கள் வரத் தாமதம். பெருந்தொற்றுக் காலத்து நெருக்கடி. மசகு கெட்டு, அச்சுப்பெட்டி சூடேறியது. இதைக் கண்டுபிடிக்கத்தான் தடத்தோரத்தில் உணர்கருவி இருந்தது. அது கண்டுபிடிக்கவும் செய்தது: அன்று காலையில் 118 டிகிரி செல்சியஸ் என்று பதிவாயிற்று. ஆனால் அந்தப் பதிவில் ரயிலின் அடையாள எண் விழவில்லை. ஆகவே அது பிழையான அளவு என்று ஒதுக்கப்பட்டது. நடத்துநர் நிறுவனமான எஸ்எம்ஆர்டிக்கு 2.4 மில்லியன் வெள்ளி அபராதம்.

இருபது ஆண்டுக்கு முன்னும் இதே கதைதான். 2004 ஏப்ரல் 20ஆம் தேதி, வட்டப் பாதைக்காகத் தோண்டிய குழியின் தடுப்பு நிக்கல் நெடுஞ்சாலையில் சரிந்து நால்வர் இறந்தார்கள். தடுப்புச்சுவர் வரம்பைத் தாண்டி வளைகிறது என்று அளவீட்டுக் கருவிகள் முன்கூட்டியே காட்டியிருந்தன. எச்சரிக்கைகள் செவியேறவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. இரு விபத்துக்கும் வேர் வேறு. ஆனால் இரண்டிலும் கருவி பேசியது, கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. அப்படியிருக்க, இன்னும் நூறு உணர்கருவி பொருத்துவது மட்டும் மருந்தாகாது. எண் சந்தேகமாக இருந்தால் ரயிலை நிறுத்திப் பார்க்கும் அதிகாரமும், நிறுத்தியதற்காகத் திட்டு வாங்காத நிம்மதியும் பணிமனை ஊழியருக்கு வேண்டும். அது மென்பொருளில் வராது.

இப்போது என் தீர்ப்பைச் சொல்லலாம். சுழற்சியும் மின்னிலக்கமும் சேரவேண்டிய இடம் பராமரிப்பு. பராமரிப்பில்லாத நீண்ட ஆயுள் ஆபத்து. அந்த ரயில் அதைக் காட்டிவிட்டது. பராமரிக்கக்கூடியதை இடித்து மறுசுழற்சி செய்வது விரயம். ரோச்சோர் அதைக் காட்டியது. ஓய்வுபெற்ற இருபது பேருந்துகளைச் சாங்கி வில்லேஜில் ஹோட்டல் அறைகளாக்கியிருப்பது பார்க்க அழகு. ஆனால் ஒரு பேருந்து 17 ஆண்டும் பழுதின்றி ஓடுவதுதான் பெரிய சேமிப்பு. அதை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

ஆகவே கணக்கேட்டில் இரண்டு பத்திகள் கூட வேண்டும். ஒன்று, இடிக்கும் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் அதில் மிச்சமிருந்த ஆயுள் எவ்வளவு, வைத்திருக்க என்ன செலவாகியிருக்கும் என்ற கணக்கு. அதை இடிப்பதற்கு முன் வெளியிட வேண்டும். தகவல் மாதிரிகள் இருக்கும் நாட்டில் இது சாத்தியமே. இரண்டாவது, மனிதர்களின் பத்தி. ஞாயிறு மாலைகளில் தேக்காவைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசும் தமிழகத்து, வங்கதேசத்து இளைஞர்களில் பலர் இந்தச் சுரங்கப்பாதைகளைத் தோண்டுகிறவர்கள். தோண்டிய மண்ணுக்குக் கணக்கு இருக்கிறது. தோண்டியவர்கள் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் வழக்கமோ, பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகும் நின்றபாடில்லை. பொருளை வீணாக்காத முறை, அதைச் சுமக்கும் உடலையும் வீணாக்கக் கூடாது.

இவற்றைச் செய்ய வெளிநாட்டு முன்மாதிரி தேடவேண்டியதில்லை. ஆணையத்தின் பொறியாளர்கள் தினமும் போய்வரும் வளாகம், ஒரு காலத்தில் பிள்ளைகள் பிறந்த இடம். அதை இடித்திருந்தால் 99 விழுக்காடு தூள் மிஞ்சியிருக்கும். இடிக்காததால் ஓர் அலுவலகமே மிஞ்சியது.