பாடகன் இல்லாத பாட்டு: ரெகேயும் டப்பும் கேட்கத் தொடங்கும் தம்பிக்கு

"அண்ணே, ரெகே கேக்கணும். எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று சித்தி மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டான். பத்தொன்பது வயது. சித்தியவானில்தான் இருக்கிறான். நான் பெரிய மனிதத் தோரணையில் ஐந்து ஆல்பங்களின் பெயர்களை அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: "எல்லாம் ஒரே மாதிரி இருக்குண்ணே."

அவன் மேல் தப்பில்லை. எப்படிக் கேட்பது என்று சொல்லாமல் எதைக் கேட்பது என்று மட்டும் சொன்னால் அப்படித்தான் ஆகும். அவனுக்கு நான் எழுதியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

சித்தியவான் பையன்களுக்கு ரெகே தெரியாது என்று சொல்ல முடியாது. மாசி மகத்தன்று பங்கோர் போக லூமுட்டில் ஃபெரி ஏறினால் உறுமி மேளம் நம்மோடு கூடவே வரும். காளியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பிற்பகலில் தெலுக் நிப்பா கடற்கரைக்குப் போனால் ஏதாவது ஒரு கடையில் பாப் மார்லி பாடிக்கொண்டிருப்பார். பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடியும் கஞ்சா இலை போட்ட டி-சட்டையும் தொங்கும். நானும் ஒன்று வாங்கினேன். அம்மா ஒரே வாரத்தில் அதைக் கரித்துணியாக்கிவிட்டார்.

அந்தக் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் 'லெஜண்ட்' தொகுப்பில் உள்ள பாடல்கள். மார்லி இறந்து மூன்று வருடம் கழித்து, 1984-ல் வந்த தொகுப்பு அது. காதலும் சமாதானமும் முன்னால் நிற்க, கோபம் பெரும்பாலும் பின்னுக்குப் போயிருக்கும். விருந்தாளிக்காகக் கூட்டிப் பெருக்கிய வீடு மாதிரி. தமிழ் சினிமா வழியாக வந்தவர்களுக்கு 1996-ல் 'லவ் பேர்ட்ஸ்' படத்தில் ரஹ்மான் இசையில் வந்த அப்பாச்சி இந்தியன் ஞாபகத்தில் இருப்பார். பர்மிங்ஹாமில் வளர்ந்த பஞ்சாபி அவர். நம் நாட்டிலேயே சசி தி டான் இருக்கிறார். ஆக வாசல்கள் உண்டு. ஆனால் வாசலிலேயே நின்றுவிடுகிறோம்.

உள்ளே போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு. 1845-ல் ஜமைக்காவுக்கு முதல் இந்தியக் கூலிக் கப்பல் போனது. 1917 வரைக்கும் முப்பத்தாறாயிரம் பேர் அளவில் போனார்கள். பெரும்பாலும் வட இந்தியர்கள், மதராஸிலிருந்தும் சிலர். கஞ்சா என்ற சொல்லும் அவர்களோடுதான் அங்கே போய்ச் சேர்ந்தது. அங்கே கரும்பு, இங்கே ரப்பர். ஆனால் இதை வைத்துக்கொண்டு "அவர்களும் நாமும் ஒன்று" என்று கட்டிப்பிடிக்கக் கிளம்ப வேண்டாம். ரெகேக்குப் பின்னால் இருப்பது ஆப்பிரிக்கர்களை விற்று வாங்கிய அடிமைத்தனம். கங்காணி முறை கொடுமைதான், ஆனால் அது வேறு. இன்னொருவரின் வலியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்வதும் அந்த டி-சட்டையைப் போட்டுக்கொள்வதும் ஒன்றுதான்.

நான் ஒப்பிட விரும்புவது வலியை அல்ல, ஸ்பீக்கரை.

ஜமைக்காவில் ஐம்பதுகளில் 'சவுண்ட் சிஸ்டம்' வந்தது. அலமாரி உயரத்துக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், திறந்த வெளி, ரெக்கார்டு போட ஒருவர். அடி வயிற்றில் இடிக்கிற பேஸ் யாரிடம் இருக்கிறது என்பதுதான் போட்டி. நம் தோட்டத்துத் திருவிழாவிலும் ஒலிபெருக்கி உண்டு. ஆனால் அது தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். குழாயில் பேஸ் வராது, குரல்தான் வரும். சௌந்தரராஜனும் ஈஸ்வரியும் லயத்தைத் தாண்டி, பால்மரக் காட்டைத் தாண்டிக் கேட்பார்கள். அதனால் நம் காது குரலையும் வார்த்தையையும் தேடியே பழகிவிட்டது. தாழ்ந்த ஒலி என்று நமக்கு இருந்தது உறுமி மட்டும்தான். வளைந்த குச்சியைத் தோலில் தேய்க்கும்போது வரும் அந்த முனகல். அதை யாரும் 'பாட்டு' என்று சொல்வதில்லை. சாமி வரவழைக்க வேண்டும், பிணம் தூக்க வேண்டும் என்றால் மட்டும் கூப்பிடுவோம்.

தம்பி, உனக்கு எல்லாம் ஒரே மாதிரி கேட்பதற்குக் காரணம் இதுதான். நீ பாடகனைத் தேடுகிறாய். முதலில் கைப்பேசி ஸ்பீக்கரை விடு, அதுவும் குழாய்தான். நல்ல இயர்ஃபோன் போடு, அல்லது உங்கப்பா காரில் உட்கார்ந்து கேள். முதல் தடவை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர். அடுத்த தடவை டிரம்ஸ். 'ஒன் டிராப்' என்று ஓர் அடி உண்டு. நான்கு எண்ணினால் ஒன்றில் அடி விழாது, மூன்றில்தான் விழும். எல்லாரும் கால் வைக்கிற இடத்தைக் காலியாக விட்டுவிடுகிற தாளம் அது. அந்தக் காலி இடம் பிடிபட்டுவிட்டால் பாதி ரெகே பிடிபட்டது.

இனி ஆல்பங்கள். முதலில் 'தி ஹார்டர் தே கம்'. 1972-ல் பெர்ரி ஹென்சல் எடுத்த படத்தின் பாட்டுத் தொகுப்பு. ஜிம்மி கிளிஃப், டூட்ஸ், டெஸ்மண்ட் டெக்கர் என்று ஒரே இடத்தில் பல குரல்கள். கிராமத்திலிருந்து கிங்ஸ்டனுக்குப் பாடகனாகும் ஆசையோடு வருகிறவன் கதை. குரல் தேடும் காதுக்கு இதுதான் சரியான படிக்கட்டு.

இரண்டாவது, வெய்லர்ஸின் 'கேட்ச் எ ஃபயர்', 1973. மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் மூவரும் ஒன்றாக இருந்த காலம். ராக் ரசிகர்களுக்காக லண்டனில் அதன் மேல் கிட்டாரும் கீபோர்டும் சேர்த்தார்கள். பூசிய பூச்சு தெரியும், ஆனாலும் அடியில் இருப்பது அசையவில்லை. 'லெஜண்ட்' கேட்டவர்கள் இதைக் கேட்டால் வேறு ஒரு மார்லியைச் சந்திப்பார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி', 1975. கார்வி 1887-ல் ஜமைக்காவில் பிறந்து, கறுப்பர்களை ஒன்றுதிரட்டிய தலைவர். அவரை ஊர் மறந்துவிட்டதே என்கிற ஆதங்கம் ஆல்பம் முழுக்க ஓடுகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் 1949-ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நமக்கு அவரைப் பற்றி இப்படி ஓர் ஆல்பம் இல்லை.

அடுத்த வருடமே அதன் டப் வடிவம் 'கார்வீஸ் கோஸ்ட்' வந்தது. பெயரே 'கார்வியின் ஆவி'. அதே பாட்டுகள்தான், ஆனால் குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். எங்கேயோ ஒரு சொல் வருகிறது, எதிரொலித்துக் கரைகிறது. பேஸும் டிரம்ஸும் மட்டும் நடந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றைக் கேட்டுவிட்டு உடனே மற்றதைக் கேள். டப் என்றால் என்ன என்று யாரும் உனக்கு விளக்க வேண்டியிருக்காது.

டப் பிறந்த கதையாக ஒன்றைச் சொல்வார்கள். அறுபதுகளின் கடைசியில் ஒரு சவுண்ட் சிஸ்டக்காரருக்காக ரெக்கார்டு வெட்டும்போது தவறுதலாகக் குரல் விடுபட்டுவிட்டது. அன்று இரவு அதையே போட்டார். கூட்டம் முழுக்கச் சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடியது. பாடகன் நகர்ந்து கொடுத்த இடத்தில் ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தத் தவறை ஒரு கலையாக்கியவர்களில் பெரியவர் கிங் டப்பி. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்த்தவர். வீட்டு ஸ்டூடியோவில் நான்கு சேனல் மிக்ஸரை வைத்துக்கொண்டு, எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்காமல் எதை எடுக்கலாம் என்று யோசித்தவர். 1989-ல் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அகஸ்டஸ் பாப்லோவோடு அவர் செய்த 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' 1976-ல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஊதும் மெலோடிகாவை வைத்துக்கொண்டு பாப்லோ ஊதுவது தூரத்து வீட்டில் யாரோ அழுவது போலக் கேட்கும்.

லீ 'ஸ்கிராட்ச்' பெர்ரி இதற்கு நேர் எதிர், அடைத்துக்கொண்டே போகிறவர். காங்கோஸ் குழுவுக்காக 1977-ல் அவர் செய்த 'ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்' ஆல்பத்தில் மாடு கத்துவதுகூடக் கேட்கும். ஆனால் எல்லாம் பனிமூட்டத்துக்குள் இருக்கும். காலை ஐந்தரை மணிப் பிரட்டுக்களம் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா சொன்னதை வைத்து நான் கற்பனை செய்துகொண்டிருக்கிறேன்.

எதற்கு இதையெல்லாம் ஓர் இலக்கிய இதழில் எழுதுகிறேன் என்றால், எனக்கு ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அப்பா பால் வெட்டியவர். அவர் இறந்த வருடம் நான் ஒரு தோட்டக் கதை எழுதினேன். லயம், கங்காணி, கள்ளுக்கடை, அம்மாவின் கண்ணீர், செம்பனைக்காக வெட்டிச் சாய்த்த மரங்கள் என்று எதையும் விடவில்லை. படித்த நண்பர் ஒன்றுதான் கேட்டார்: "இவ்வளவையும் நீயே அழுதுட்டா, படிக்கிறவன் என்ன செய்வான்?" கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. 'கார்வீஸ் கோஸ்ட்' கேட்ட பிறகுதான் அவர் சொன்னது விளங்கியது. நம் தோட்டக் கதைகள் பலவும் குழாய் ஸ்பீக்கர் கதைகள். குரல் மட்டும் உச்சத்தில். அடியில் நடந்துகொண்டிருக்கும் வேலை, நேரம், நடை, பேசாமல் இருக்கும் மனிதர்கள் எதுவும் கேட்பதில்லை.

அதற்காகக் குரலே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி ஆல்பத்தை அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். லிண்டன் க்வெசி ஜான்சனின் 'ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி', 1979. ஜமைக்காவில் பிறந்து லண்டனில் வளர்ந்த கவிஞர். அவர் பாடுவதில்லை, கவிதை சொல்கிறார், அதுவும் ஜமைக்கா மக்கள் பேசும் ஆங்கிலத்தில். அதில் 'சன்னிஸ் லெட்டா' என்று ஒரு கவிதை. பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து மகன் அம்மாவுக்கு எழுதும் கடிதம். தம்பியை போலீஸ் எப்படிப் பிடித்தது, பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறான், அவ்வளவுதான். லாக்கப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அம்மாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதனால்தான் என்னால் அதை ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை. 2002-ல் பெங்குவின் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில் அவர் கவிதைகள் வந்தன. அந்த வரிசையில் வந்த முதல் கறுப்பினக் கவிஞர் அவர். "பேச்சுத் தமிழில் எழுதினால் இலக்கியமா?" என்று இன்னும் கேட்கிறவர்களிடம் இந்தத் தகவலைச் சொல்லலாம். கேட்டு முடித்ததும் 'எல்கேஜே இன் டப்' போடு. 1980-ல் வந்தது. கவிஞரே தன் கவிதையை எடுத்துவிடச் சம்மதித்த ஆல்பம். அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

இதையெல்லாம் சுருக்கித் தம்பிக்கு அனுப்பினேன். நேற்று ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. காரில் 'கார்வீஸ் கோஸ்ட்' ஓடிக்கொண்டிருக்கிறது. "அண்ணே, பாட்டு பாதியில காணாம போயிருச்சு. ஆனா கதவு கண்ணாடியெல்லாம் ஆடுது" என்கிறான்.

கதையை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் அம்மாவின் கண்ணீரை எடுத்துவிட்டேன்.