ஆலங்காட்டுப் பண்ணும் தணிகையின் முதல் கீர்த்தனையும்

1600 முதல் 1750 வரையிலான காலத்தை ஐரோப்பிய இசை வரலாற்றில் பரோக் காலம் என்பார்கள். ஷூட்ஸ், பாக், ஹேண்டல் ஆகியோர் பக்திப் பாடல்களை எழுதிக் குவித்த காலம் அது. அதே காலத்தில்தான் தஞ்சையில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காவிரிக் கரையோடு நின்றுவிடுகிறார்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய திருவாலங்காடு, திருத்தணி வட்டாரத்தின் இசை வரலாறு அதைவிட நீளமானது.

அதன் தொடக்கம் காரைக்கால் அம்மையார். 6ஆம் நூற்றாண்டினர் என்பது பலர் ஏற்கும் கருத்து. ஆலங்காட்டில் அவர் பாடிய இரு பதிகங்களும் தேவார மூவருக்கு முந்தியவை; அதனால்தான் ‘மூத்த திருப்பதிகம்’ என்கிறோம். முதலாவது நட்டபாடைப் பண், அடுத்தது இந்தளம். முதல் பதிகத்தின் ஒன்பதாம் பாட்டில் துத்தம், விளரி, தாரம், இளி என்று சுரப் பெயர்கள் வருகின்றன. தொடர்ந்து கொக்கரை, தக்கை, வீணை, மத்தளம், குடமுழா என்று வாத்தியங்கள். அத்தனையும் சுடுகாட்டில் ஆடும் இறைவனைச் சுற்றி ஒலிக்கின்றன! பண்ணிசையை உள்ளும் புறமும் அறிந்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் இத்தலத்தைப் பாடினார்கள். அம்மையார் தலையால் நடந்த மண் என்று சம்பந்தர் ஊருக்குள் கால்வைக்கத் தயங்கியதைப் பெரியபுராணம் சொல்கிறது. பிறகு வந்த அருணகிரிநாதர் தணிகை முருகனைத் திருப்புகழில் திரும்பத் திரும்பப் பாடினார்.

அந்தத் தணிகை மலையில்தான் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) பாடத் தொடங்கினார். முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டு போட்டார் என்பது வழிவழிச் செய்தி. முதல் கீர்த்தனை ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’, ராகம் மாயாமாளவகௌளை. சரளிவரிசை கற்கும் குழந்தை முதலில் பாடும் ராகம் அதுவே. எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொன்றாகக் குருகுஹனான முருகன்மேல் எட்டுக் கீர்த்தனைகள் அமைத்தார். மேற்கத்திய மெட்டுகளையும் அவர் ஒதுக்கவில்லை. பரோக் காலத்தின் கடைசியில், 1744இல், லண்டனில் அச்சேறிய ‘காட் சேவ் தி கிங்’ மெட்டு அவரிடம் ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்ற நோட்டுஸ்வரமாகி அம்பாளைப் பாடியது.

இந்தளப் பண்ணை இன்று ஓதுவார்கள் மாயாமாளவகௌளையில் பாடுகிறார்கள். பண்ணுக்கு ராகம் பொருத்தியது பிற்கால ஏற்பாடு என்பதால், அம்மையாரிடமிருந்து தீட்சிதருக்கு நேர்க்கோடு இழுக்க முடியாது. ஆனாலும் இரண்டாம் பதிகத்தையும் தீட்சிதரின் முதல் கீர்த்தனையையும் அடுத்தடுத்துக் கேட்டால் மனம் நெகிழாமல் இருக்காது.

அப்படிக் கேட்க வாய்ப்புத்தான் இல்லை. தேவாரமும் திருப்புகழும் கச்சேரி மேடையில் இடம் பிடித்துவிட்டன. மூத்த திருப்பதிகம் அபூர்வமாகவே ஒலிக்கிறது. பாக் எழுதிய ‘மத்தேயு பாடுகள்’ என்ற பக்தி இசைப்படைப்பும் அவர் மறைந்தபின் பல ஆண்டுகள் பாடுவாரின்றிக் கிடந்ததுதான். 1829இல் மெண்டல்சன் என்ற 20 வயது இளைஞர் பெர்லினில் அதை மீண்டும் அரங்கேற்றினார். உலகின் கவனம் அதன்பக்கம் திரும்பியது. மூத்த திருப்பதிகத்தில் இருப்பவை 22 பாட்டுகள்தாம். வரும் மார்கழியில் யாராவது ஓர் இளம் பாடகர் அவற்றைப் பண்ணோடு முழுமையாகப் பாட முன்வர வேண்டும்.