பாலிசிப் பத்திரமும் நன்னூலும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தெனப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் வகுத்துரைத்தார். நம்மவர் அவற்றைக் காவியங்களுக்கே பொருத்திப் பார்த்துப் பழகிவிட்டனர். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தோட்டப்புறங்களிலும் வீட்டுப் பெட்டியடியில் கிடக்கும் இன்ஷியூரன்ஸ் பாலிசியும் ஒரு நூலன்றோ? ஒரு குடும்பத்தின் கதியை நிர்ணயிக்கும் அந்நூலையும் அவ்வுரைகல்லில் சற்றே உரைத்துப் பார்ப்போம்.

முதற்குற்றம் மயங்கவைத்தல். 'முன்பே உள்ள நோய்' என்னும் தொடரைக் காணும் தொழிலாளி, வைத்தியர் கண்டு சொல்லிய நோய் என்றே பொருள் கொள்வார். மருத்துவப் பாலிசிகளின் விளக்கப் பகுதியோ, நோய்க்குறிகள் தெளிவாகத் தோன்றியிருந்தாலே போதுமென அதனை விரித்துவிடுகின்றது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. நஷ்டம் மாத்திரம் கையொப்பமிட்டவருக்கு.

அடுத்தது சென்று தேய்ந்திறுதல். முற்பக்கத்தில் பேரெழுத்தில் ஓங்கி நிற்கும் வாக்குறுதி, பிற்பக்கத்து விலக்கு ஷரத்துக்களில் படிப்படியாய்த் தேய்ந்து போகின்றது.

சட்டம் இக்குறையை அறியாததன்று. 1996ஆம் ஆண்டு இன்ஷியூரன்ஸ் சட்டத்தின்படி, கம்பெனி கேளாத விஷயமாயினும், அதன் முடிவுக்கு இன்றியமையாததென ஒருவர் அறிந்ததை அவரே வெளியிடல் வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை 2015 ஜனவரி முதல் நாள் அமுலுக்கு வந்தபின், தனிமனிதர் எடுக்கும் பாலிசிகளுக்கு நிலை மாறிற்று. விடையளித்தவர் தக்க கவனம் செலுத்தினாரா என்று ஆராயுங்கால், கம்பெனியின் கேள்விகள் எவ்வளவு தெளிவாகவும் குறிப்பாகவும் இருந்தன என்பதும் இப்போது சீர்தூக்கப்படும்.

இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அறியாத மொழியில் தெளிவான கேள்வி என்பதொன்று உண்டோ? அமெரிக்க மாகாணங்கள் பல, ஆயுள், சுகாதாரப் பாலிசிகளின் நடையைச் சொல்லெண்ணி, அசையெண்ணி அளந்து, குறைந்தது 40 மதிப்பெண் பெறவேண்டுமென விதித்துள்ளன. அளவை நன்றே, ஆயினும் எளிய ஆங்கிலமும் ஆங்கிலமே. ஆங்கிலமோ மலாயோ சரளமாக வாசிக்க இயலாத நம் முதியவர், ஏஜண்டு தமிழிற் சொல்லியதை நம்பிக் கையொப்பமிடுகின்றார். சொல்லிய தமிழ் காற்றோடு போகின்றது. எழுதிய தாள் கம்பெனியிடம் நிற்கின்றது.

நாம் கோருவன இரண்டே: கேள்வித்தாள் தமிழிலும் அச்சிடப்படல் வேண்டும்; ஏஜண்டு எழுதிய விடைகள் கையொப்பத்திற்கு முன் தமிழில் வாசித்துக் காட்டப்படல் வேண்டும். அதுகாறும், தோழர்களே, படித்த பிள்ளையொருவரைப் பக்கத்தில் அமர்த்தி, ஒவ்வொரு கேள்விக்கும் என்ன விடை எழுதப்பட்டதென்று கேட்டறிந்த பின்னரே பேனாவைத் தொடுங்கள். தமிழரின் உழைப்பில் விளைந்த வெள்ளியை மாதந்தோறும் வாங்கும் கம்பெனிகளுக்கு, அவர்தம் மொழியிற் கேள்வி கேட்பது பெரும் பாரமாகாது.