புள்ளிகளுக்குள் ஒரு குழந்தை

2011-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘கிளாஸ்டோஜோ’ என்னும் கைபேசிச் செயலியை ஒரு படைப்பாகவே கொண்டு நோக்குவோம். மாணவன் ஒவ்வொருவனுக்கும் வண்ணத்தில் ஒரு குட்டிப் பூதம். பிறர்க்கு உதவினால் புள்ளி கூடும், பாடத்தில் கவனம் சிதறினால் குறையும். பள்ளி விடுமுன்பே செய்தி பெற்றோர் கையை எட்டிவிடக்கூடும். படங்கள் அழகியவை, பிரம்பினும் இது மேல் என்பதை மறுக்கோம். (நாம் பிரம்படி பட்டே படித்தோம்!) ஆயினும் குழந்தை ஏன் கவனம் சிதறினான் என்பதைப் புள்ளி சொல்லாது. பசியோ, இரவு வீட்டில் நிகழ்ந்த சண்டையோ, எல்லாவற்றிற்கும் ஒரே கழித்தற்குறிதான். கண்டனங்கள் எழுந்தபின், புள்ளிகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கமாட்டோம் என்று 2014-இல் அந்நிறுவனம் அறிவித்தது. நல்லதே. ஆனால் ஆசிரியர் அதனை வகுப்பறைத் திரையில் விரித்துக் காட்டும்போது, உடன் அமர்ந்திருக்கும் நாற்பது சிறுவரும் அதைப் படித்துவிடுகின்றனர். அவர்கள் நினைவிலிருந்து அழிப்பவர் யார்?