எடை ஏற்றிய வெற்றி

பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், சுருக்கமாக பி.ஓ.பி., என்பது நெடுநேரக் கார் பந்தயங்களில் வெவ்வேறு நிறுவனங்களின் கார்களை ஏறக்குறைய ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. இப்பந்தயங்களின் உலகத் தொடரில் ஒவ்வொரு காரின் குறைந்தபட்ச எடை, எஞ்சின் திறன், இரு பிட் நிறுத்தங்களுக்கு இடையே செலவிடக்கூடிய ஆற்றல் ஆகியவற்றை எஃப்.ஐ.ஏ.வும் லெ மான் பந்தயத்தை நடத்தும் ஏ.சி.ஓ.வும் சேர்ந்து வரையறுக்கின்றன.

இதன் பயனை மறுப்பதற்கில்லை. அது இல்லாத காலத்தில், 1991இல் ஃபிசா அமைப்பு 3.5 லிட்டர் எஞ்சின் விதியைக் கொண்டுவந்தபோது, ஃபார்முலா 1க்கு நிகரான செலவைத் தாங்காமல் அணிகள் விலகின. 1992 லெ மானில் 28 கார்களே ஓடின; அன்றைய உலகத் தொடர் அந்த ஆண்டோடு முடிந்தது. பி.ஓ.பி. உள்ள 2025 லெ மானிலோ உயர்பிரிவில் மட்டும் 8 நிறுவனங்கள், 21 கார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய்கூட ஜெனிசிஸ் என்ற பெயரில் 2026இல் இன்றைய உலகத் தொடருக்கு வருகிறது.

ஆனால் வெற்றி யாருடையது என்பதை இந்த முறை மங்கலாக்கிவிடுகிறது. 2023இல் முதல் மூன்று பந்தயங்களையும் டொயோட்டா வென்றது. லெ மானுக்குச் சுமார் பத்து நாள் இருக்கையில் அதன் எடை 37 கிலோவும், ஃபெராரியின் எடை 24 கிலோவும் கூட்டப்பட்டன. போர்ஷேவுக்குக் கிடைத்த கூடுதல் 3 கிலோதான். ஃபெராரி ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் வென்றது. அந்த 13 கிலோ வித்தியாசம் இல்லாவிட்டாலும் அது வென்றிருக்கக்கூடும். அப்படிச் சொல்லவும் மறுக்கவும் வழியில்லாமல் போனதுதான் பழுது. ஃபெராரி ஓட்டுநர்களுக்கும் அது அநீதியே.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ஓர் உதிரிபாகத்தில் சில கிராம் குறைத்துக் காட்டும் ஆலைக்கு அடுத்த ஆர்டர் கிடைக்கும். லெ மானில் வேகத்தைக் கூட்டிக் காட்டியவருக்குக் கிடைப்பது எடை.

சமத்துவத்துக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஃபார்முலா எல்ஜிபி 1300 கார்கள் எல்லாம் ஒரே வகை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி மூன்றாம் இடம் பெற்றதும் போர்ஷே கோப்பைக் கார்கள் மட்டுமே ஓடும் பிரிவில்தான். பல நிறுவனங்கள் மோதும் தொடருக்கு இது பொருந்தாது என்பார்கள். அப்படியானால் எடைப் பட்டியலையாவது வெளிப்படையாக விவாதிக்க விட்டிருக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் போட்டியாளரின் எஞ்சின்மேல் ஐயம் எழுந்தால் கட்டணம் கட்டி முறையீடு செய்யலாம், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள். உலகத் தொடரின் விதிப் புத்தகமோ, அணிகள் பி.ஓ.பி. பற்றிப் பொதுவெளியில் கருத்துச் சொல்வதையே தடை செய்திருக்கிறது.