முதல் இருபது நொடி: ஜெமினி குழந்தைகளிலிருந்து சூப்பர் ஸ்டார் புள்ளிகள் வரை

திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு சினிமா என்றால் டூரிங் டாக்கீஸ்தான். மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்தால்தான் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. ஒருநாள் டிக்கெட் வரிசையில் நிற்கும்போதே கீற்றுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு இசை வந்தது. "ஏவிஎம் போட்டுட்டான், ஓடுடா!" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான். திரையை நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. ஆனால் யார் படம் என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

இதை ரொம்ப நாள் வெறும் சிறுவயது ஞாபகமாகத்தான் வைத்திருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன், வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை, பழைய தமிழ்ப் படங்களின் தொடக்கத்தில் வரும் நிறுவனச் சின்னங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். அடுக்க அடுக்க ஒரு விஷயம் புலப்பட்டது. ஒவ்வொரு ஸ்டூடியோவின் சின்னத்திலும் அதன் முதலாளி சினிமாவுக்கு எந்தத் தொழிலிலிருந்து வந்தார் என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏவி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். படம் எடுக்க வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் கிராமபோன் தட்டு வியாபாரம் செய்தவர். 1945-இல் ஏவிஎம் நிறுவனம். 'நாம் இருவர்' (1947) காரைக்குடிப் பக்கம் போட்ட ஸ்டூடியோவிலேயே எடுக்கப்பட்டது, பிறகுதான் கோடம்பாக்கம். அவருடைய சின்னத்தைப் படமாக மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். எழுத்துத் தெரியாத ஆளுக்கு அது வெறும் கோடு. ஆனால் கூட வரும் இசை இருக்கிறதே, அது எழுத்தே தெரியாதவர் காதிலும் போய் உட்கார்ந்துவிடும். தட்டு விற்றவருக்கு ஜனங்கள் எதை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் விடமாட்டேன்.

எஸ்.எஸ். வாசன் வேறு ரகம். அவர் பத்திரிகைக்காரர். ஆனந்த விகடனின் குடுமித் தாத்தா முகத்தைப் பார்த்தாலே, பெயரைப் படிக்காமல் பத்திரிகையை வாங்கிப்போகும் வாசகர்களைச் சம்பாதித்தவர். 1941-இல் ஸ்டூடியோவை வாங்கி ஜெமினி என்று பெயர் வைத்தபோது சின்னமும் அதே கணக்கில் அமைந்தது: ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள். மிதுன ராசிக்கு இரட்டையர், விளம்பரத்துக்கு ஊதுகுழல். மொழி தேவையே இல்லை. 1948-இல் 'சந்திரலேகா'வை இந்தியில் வடக்கே கொண்டுபோனபோது இந்தக் குழந்தைகள் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மதராஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்குக்கூட அந்தக் குழந்தைகள் அடையாளம்.

விஜயா புரொடக்‌ஷன்ஸுக்குப் பறக்கும் கொடி, கொடியில் அனுமன். அர்ச்சுனன் தேர்க்கொடி அது. 'மாயா பஜார்' எடுத்த கம்பெனிக்கு, 'சந்தமாமா' (தமிழில் 'அம்புலிமாமா') நடத்தின நாகி ரெட்டி, சக்ரபாணிக்கு, இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்!

கொடி என்றதும் இன்னொன்று. எம்.ஜி.ஆர். சொந்தமாகத் தொடங்கிய எம்ஜியார் பிக்சர்ஸின் சின்னம், 'நாடோடி மன்னன்' (1958) தொடக்கத்தில்: ஓர் ஆணும் பெண்ணும் கொடி பிடித்து நிற்கிறார்கள். அது தி.மு.க. கொடி. கட்சி முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கதைக்குள் கொடி வந்தால் அது காட்சி. கதைக்கு முன்னால் வந்தால் அது முத்திரை. படம் முழுக்க என்ன நடந்தாலும் முதல் வரியில் கையெழுத்துப் போட்டாயிற்று. தமிழ் சினிமாவின் சின்னங்களிலேயே கெட்டிக்காரத்தனமானது இதுதான் என்பேன்.

வெளியூர்க் கதையும் கொஞ்சம். பம்பாயில் மெஹபூப் கானின் நிறுவனத்துக்கு அரிவாள் சுத்தியல் சின்னம். ஆனால் பின்னணியில் ஒலிப்பது, ஆண்டவன் நினைத்ததுதான் நடக்கும் என்ற பொருளில் ஒரு உருதுக் கவிதை! ராஜ் கபூரோ தன் 'பர்சாத்' (1949) படத்தின் காட்சியையே சின்னமாக்கிக்கொண்டார், ஒரு கையில் வயலின், மறு கையில் நர்கிஸ். ஹாலிவுட்டில் எம்ஜிஎம் சிங்கம் 1924-இல் வந்தபோது ஊமை. 1928-இல்தான் கர்ஜிக்க ஆரம்பித்தது. ஆல்ஃபிரட் நியூமன் 1933-இல் எழுதிய ஃபாக்ஸ் முழக்கம் பின்னாளில் அபூர்வமாகத்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. 'ஸ்டார் வார்ஸ்' (1977) தலையில் ஜார்ஜ் லூகாஸ் விரும்பி வைத்த பிறகுதான் மறுபிறவி எடுத்தது. அங்கேயும் உயிர் காதில்தான் இருந்திருக்கிறது.

சரி, இங்கே என்ன ஆச்சு?

1992. நம்ம மலையின் பெயரிலேயே படம், 'அண்ணாமலை'. தயாரிப்பு கே. பாலசந்தரின் கவிதாலயா. அவர்கள் சின்னம் வள்ளுவர், முதல் குறளோடு. திருவண்ணாமலையில்தான் பார்த்தேன். வள்ளுவர் வந்தார், போனார், தியேட்டரில் சாதாரண சலசலப்பு. அடுத்து கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாக ஒளி வந்து, எழுத்தெழுத்தாக 'சூப்பர் ஸ்டார்' என்று கூடி, அதன் பின்னால் ரஜினி பெயர். தேவாவின் இசை. இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா யோசித்துச் செய்தது. விசில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பட்டம் முன்பே உண்டு. 'பைரவி' (1978) விளம்பரத்திலேயே தாணு போட்டுவிட்டார். ஆனால் அசையும் எழுத்தாக, சொந்த இசையோடு, படத்துக்குப் படம் திரும்பி வரும் முத்திரையாக அது மாறியது இங்கேதான்.

பலர் இதை டைட்டில் கார்டு என்று தள்ளிவிடுகிறார்கள். நான் இதை ஸ்டூடியோ சின்னம் என்றே வகைப்படுத்துகிறேன். ஸ்டூடியோ சின்னம் செய்த வேலை என்ன? 'இது இன்னாருடைய சரக்கு, நம்பி உட்காரு' என்று சொல்வது. அந்த வேலையை ஏவிஎம் இசை செய்துகொண்டிருந்தது. 1992-க்கு அப்புறம் புள்ளிகள் செய்தன. 'முரட்டுக் காளை' (1980) ஏவிஎம் படம், ரஜினி அதில் நடிகர். 'சிவாஜி' (2007) அதே ஏவிஎம் தயாரிப்பு, ஆனால் டிக்கெட் யார் பெயரில் விற்றது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இரண்டு முத்திரையும் ஒரே படத்தில், மூத்தது முதலில் வந்து மரியாதையாக விலகிக்கொள்கிறது.

இப்போதைய நிலைமை உங்களுக்கே தெரியும். தயாரிப்பாளர், இணைத் தயாரிப்பாளர், தமிழ்நாடு வெளியீடு, வெளிநாட்டு வெளியீடு, பாட்டு உரிமை, ஓடிடி உரிமை என்று வரிசையாக லோகோ. எல்லாவற்றிலும் பொன்னிறத் தூள் பறந்து எழுத்தாகிறது, ஒரு 'டம்' சத்தம், முடிந்தது. 2012 முதல் புகையிலை எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு வரிசையாக ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். ஆறு பேர் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் யாருக்குப் பொறுப்பு? இந்தச் சின்னங்கள் பார்வையாளனிடம் பேசவே இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை நிறைவேற்றுகின்றன. மென்பொருள் திறக்கும்போது வரும் ஸ்பிளாஷ் ஸ்கிரீனிலும் லைசென்ஸ் வாசகம் இருக்கும், யார் படிக்கிறார்கள்?

பழையது எல்லாம் பொன் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சின்னங்கள் முதலாளியின் சின்னங்கள். லைட்பாய்க்கும் எடுபிடிக்கும் பங்கில்லை. சின்னத்தை வரைந்த கை, அந்த இசையை வாசித்த கைகள், இவர்கள் பெயர் எந்த டைட்டிலிலும் வராது. ஜெமினியில் வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியதைப் படித்தவர்களுக்கு, குழல் ஊதும் குழந்தைகளுக்குப் பின்னால் எத்தனை காத்திருப்பும் அலுப்பும் இருந்தன என்று புரியும். ஸ்டூடியோ போய் அந்த இடத்தில் ஹோட்டல் வந்துவிட்டது. மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும் ஊர் இன்றும் ஜெமினி என்றுதான் சொல்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் சின்னம் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்து, 'இந்த வருடம் மாற்றினார்கள்' என்று அட்டவணையில் தைரியமாகக் குறித்துக்கொண்டேன். பிறகுதான் அதே படத்தின் இன்னொரு பிரதி கிடைத்தது, பழைய சின்னத்தோடு. முதலில் பார்த்தது மறுவெளியீட்டுப் பிரதி. புதுச் சின்னத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கமிட் குறிப்பே இல்லாமல் வெர்ஷன் மாறின கதை. அதிலிருந்து முதலில் தணிக்கைச் சான்றிதழைத்தான் பார்க்கிறேன். அதில் தேதி இருக்கும். அந்தக் காலத்தில் சான்றிதழ் பத்து வருடத்துக்குத்தான் செல்லும். ஆகவே படத்தைவிடச் சான்றிதழ் வயதில் சிறியதாக இருந்தால் பிரதியும் பிந்தியது, சின்னமும் பிந்தியதாக இருக்கலாம்.

இங்கேதான் எனக்குக் கோபம். இணையத்தில் பழைய படம் ஏற்றுபவர்கள் முதலில் வெட்டுவதே இந்த முதல் நிமிடத்தைத்தான். சான்றிதழ் போச்சு, சின்னம் போச்சு, அந்த இடத்தில் ஏற்றியவரின் சொந்த லோகோ சுழன்று வருகிறது. டிவிக்காரர்கள் பல வருடமாகச் செய்ததும் இதுதான். படம் முழுசாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் பிறந்த தேதி கிழிக்கப்பட்டிருக்கிறது.

போன வாரம் ஏவிஎம் இசையை மட்டும் போனில் போட்டேன், படம் இல்லாமல். பக்கத்தில் இருந்த மகள் நிமிரவில்லை. நெட்ஃப்ளிக்ஸின் 'டுடும்' என்றால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவாள். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்கள்: "என்ன படம்டா போட்டிருக்க?"

இதுவரை என் அட்டவணையில் நாற்பத்து மூன்று படங்கள். சான்றிதழும் சின்னமும் வெட்டுப்படாமல் இருப்பவை பதினொன்று.