சேணம் பூட்டிய வாசகன்

‘வெப் 2.0’ என்னும் தொடரை இன்று எவரும் பெரிதாக எடுத்தாள்வதில்லை. ஆயினும் இணையத்தில் வாசகனும் எழுதலாம், திருத்தலாம், மறுமொழி கூறலாம் என்னும் இன்றைய நிலையை ஒரு கொள்கையாக வகுத்துத் தந்த கட்டுரை, அத்தொடரைத் தலைப்பிற் கொண்டே வெளிவந்தது. ஐக்கிய அமெரிக்காவிற் கணினி நூல்களை வெளியிட்டுவந்த ரிம் ஓ ரெய்லி என்பவர் 2005 செப்டெம்பரில் அதனை எழுதினார். தொடரை முதலில் ஆக்கியவர் அவரல்லர். 1999இலேயே டார்சி டினூச்சி என்னும் பெண்மணி அதனைக் கையாண்டுள்ளார். எனினும் 2004இல் ஓ ரெய்லியின் நிறுவனம் அப்பெயரில் மாநாடு கூட்டிய பின்னரே அது பலரறிந்த சொல்லாயிற்று. அக்கட்டுரையைத் தீர்க்கதரிசனம் எனப் போற்றுவோரும் உளர். வியாபாரத் துண்டுப்பிரசுரம் எனத் தள்ளுவோரும் உளர். இருசாராரும் அதனை ஊன்றிப் படித்ததாகத் தெரியவில்லை.

கட்டுரையின் முறை எளிது. பழையதையும் புதியதையும் இணை இணையாக நிறுத்திக் காட்டுகிறார். பிரித்தானிக்காவின் இணையப் பதிப்பு பழையது, விக்கிப்பீடியா புதியது. தனியாள் இணையத்தளம் பழையது, வலைப்பதிவு புதியது. இவ்வாறு அட்டவணை நீள்கிறது. 2000ஆம் ஆண்டையடுத்து இணையக் கம்பனிகள் பல சரிந்து வீழ்ந்தன. வீழாது நின்றவை எவை, ஏன் நின்றன என்பதே அவரது வினா. பயன்படுத்துவோரின் பங்களிப்பைத் தம்முள் வாங்கிக்கொண்டவை நின்றன என்பது விடை.

இவ்விடையை விளக்க அவர் காட்டும் உதாரணங்களுள் நமக்கு மிக நெருக்கமானது அமேசன் புத்தகக்கடை. அதன் நூற்பட்டியல் தொடக்கத்தில் அதற்கே உரியதன்று. நூற் பதிவெண் வழங்கும் பவுக்கர் நிறுவனத்திடமிருந்து பெற்றது. போட்டியாளரிடமும் அதே பட்டியல்தான் இருந்தது. அமேசன் செய்த வேலை, வாசகரை அழைத்து ஒவ்வொரு நூலின் கீழும் மதிப்புரை எழுதச் செய்தமை. பத்தாண்டுகளில் நூல் விவரம் தேடுவோர் பவுக்கரை மறந்து அமேசனை நாடலாயினர். இதனை ஓ ரெய்லி வெற்றிக்கதையாகக் கூறுகிறார். விமரிசனத் தொழிலோடு சிறிது தொடர்புடைய எனக்கோ இது வேறொரு கதையாகத் தோன்றுகிறது. ஆயிரக்கணக்கானோர் கூலியின்றி மதிப்புரை எழுதினர். அம்மதிப்புரைகளின் திரள் ஒரு கடையின் மூலதனமாயிற்று. அவர்களுள் நல்ல விமரிசகர் இருந்திருப்பர் என்பதில் எனக்கு ஐயமில்லை. தாம் எழுதியதைத் தாமே தொகுத்து வேறோர் இடத்தில் நிலைநிறுத்தும் வசதி அவர்களுட் பெரும்பாலோர்க்கு இருக்கவில்லை.

ஈண்டு ஒரு சொல்லை நோக்குவது நன்று. மக்களின் கூட்டறிவைப் பயன்கொள்ளுதல் பற்றிப் பேசும் பகுதிக்கு ஓ ரெய்லி இட்ட தலைப்பில் வரும் ஆங்கில வினை, குதிரைக்குச் சேணமிட்டு வண்டியிற் பூட்டுவதைக் குறிப்பது. அமேசனைப் பற்றிக் கூறுமிடத்திலும் பயன்படுத்துவோர்க்கு அதே வினை. தேய்ந்த உருவகம், பொருட்படுத்தலாகாது என்பர் சிலர். தேய்ந்த உருவகங்களிலேதான் எழுத்தாளனின் நிற்குமிடம் தெரியவரும் என்று பல்கலைக்கழகத்தில் எமக்குக் கற்பித்தார்கள். வண்டியோட்டியின் இருக்கையில் இருந்தே அக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது.

அதனினுங் கூர்மையான இடமொன்று உண்டு. தாமாக முன்வந்து எழுதுவோர் எப்பொழுதுஞ் சிறுபான்மையினரே என்பதை ஓ ரெய்லி மறைக்கவில்லை. ஆகவே, மக்கள் தம் அலுவலைப் பார்த்துக்கொண்டு போகும்போதே, அதன் பக்கவிளைவாக அவர்களின் தரவு சேரும்படி அமைப்பைக் கட்ட வேண்டும் என்கிறார். இவ்விடத்தில் ‘பங்கேற்பு’ என்னும் சொல் பொருள் மாறிவிடுகிறது. எழுதுவோன் பங்கேற்கிறான், வாளாவிருப்போனும், அறியாமலே, பங்கேற்கச் செய்யப்படுகிறான். 2009இல் பேஸ்புக் கொண்டுவந்த ‘விருப்பு’ப் பொத்தானில் இக்கொள்கை முழு உருவம் பெற்றது. மறுமொழி ஓர் அழுத்தமாகச் சுருங்கிற்று. அழுத்தியவனைப் பற்றிய குறிப்பு மாத்திரம் வளர்ந்தது.

கட்டுரையின் பெருங்குறை அதன் வரலாற்றுப் பார்வை. வாசகன் எழுதுவது இரண்டாங் கட்டத்திற் பிறந்த புதுமை போலக் காட்டப்படுகிறது. உண்மை அதுவன்று. சுவிற்சர்லாந்தின் சேர்ண் ஆய்வுநிலையத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ 1990இல் எழுதிய முதல் உலாவி, பக்கங்களைப் படிக்கவும் திருத்தி எழுதவும் ஒருங்கே வல்லதாயிருந்தது. 1993இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய மொசேக் உலாவியில் எழுதும் வசதி இடம்பெறவில்லை. எனவே 2005இல் மீண்டு வந்தது பழைய உரிமையே. ஆனால் அது பிறர் நிலத்தில் மீண்டு வந்தது. நிக்கலஸ் கார் என்பார் 2006இல் இந்நிலையை வாரத்துக்கு உழுவோர் நிலைக்கு ஒப்பிட்டார். ஒப்புமை பொருத்தமே, ஆயினும் வாரத்துக்கு வயல் செய்பவனுக்கு விளைவிற் பங்குண்டு. 2006இல் கூகிள் யூரியூப்பை 165 கோடி டொலருக்கு வாங்கியபோது, அங்கே படங்களை ஏற்றிவைத்த பொதுமக்களுக்கு அத்தொகையிற் பங்கேதும் இருக்கவில்லை. (அடுத்த ஆண்டு முதல் சிலருக்கு விளம்பர வருவாயிற் பங்கு கொடுக்கலானார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) மக்கள் தம் வீட்டுப் பக்கங்களை அமைத்திருந்த ஜியோசிற்றிஸை யாகூ 1999இல் வாங்கி, 2009இல் மூடிவிட்டது. தன்னார்வலர் சிலர் இரவு பகலாகப் படியெடுத்தனர். அப்படியும் எஞ்சியது ஒரு பகுதியே.

இத்தனையும் கண்டு, இணையத்தில் மக்கள் எழுத்து என்பதே ஏமாற்று என முடிவு கட்டுவோர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓ ரெய்லி ஒரே வரிசையில் வைத்த அமேசனும் விக்கிப்பீடியாவும் ஓரினத்தன அல்ல. 2001 ஜனவரியிற் தொடங்கிய விக்கிப்பீடியாவுக்கு முன்னோடி நியூப்பீடியா. நிபுணர்கள் ஏழு படிகளிற் பரிசீலித்த பின்னரே கட்டுரை வெளிவரும் என்ற விதியால் அது நகரவே இல்லை. எவரும் திருத்தலாம் என்றவுடன் பின்னது பெருகிற்று. ஆனால் பெருகியது மட்டும் சிறப்பன்று. அங்கு எழுதப்பட்டதை எவரும் மூலத்தைக் குறிப்பிட்டுப் படியெடுத்து வேறிடத்திற் பதிப்பிக்கலாம். ஒவ்வொரு திருத்தத்தின் வரலாறும் எவரும் காணத் திறந்துள்ளது. உழுதவர்களை விலக்கி நிலத்தை விற்க ஒருவராலும் இயலாது.

இவ்வேறுபாட்டின் பயனைத் தமிழிலேயே கண்டோம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், 2009ஆம் ஆண்டளவில் கூகிள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தித் தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. எண்ணிக்கை உயர்ந்தது. தன்னார்வலரோ மகிழவில்லை. தமிழ் தமிழாயில்லை, தலைப்புக்களை இங்குள்ளோர் தெரியவில்லை, எழுதியவர் மீண்டு வந்து பிழை திருத்துவதில்லை என முறையிட்டனர். 2010இல் போலந்தின் க்டான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இவற்றை விரிவாக எடுத்துவைத்தனர். உலகின் பெருங் கம்பனி ஒன்று இலவசமாகத் தந்ததைச் சில தமிழர் நிறுத்துப் பார்த்துக் குறை கூற முடிந்தது. இடம் பொதுவாக இருந்தமையாலேயே அது கூடிற்று. வேறோரிடத்தில் அவர்கள் வெறும் வாடிக்கையாளர்.

ஓ ரெய்லிக்கு நீதி செய்வதானால் ஒன்று கூற வேண்டும். தரவு யாருடையது என்ற சண்டை வரும், தரவை விடுவிக்கும் இயக்கமும் பத்தாண்டுகளுள் எழும் என்று அவரே எழுதியிருந்தார். சண்டை தப்பாது வந்தது. அவர் கட்டுரை வெளியான அதே 2005இற் பிறந்த ரெடிற், முழுவதும் பயனர் எழுத்தாலானது. 2023 ஜூனில் அது புதுக் கட்டணங்களை விதித்தபோது ஆயிரக்கணக்கான குழுக்கள் தம் பகுதிகளைப் பூட்டிவைத்து எதிர்த்தன. கட்டணம் நின்றது. 2024இல், செயற்கை அறிவைப் பயிற்றுவதற்காக அவ்வெழுத்துக்களைக் கூகிளுக்கு வழங்க அந்நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. எழுதியவர் ஒப்பந்தத்தின் எப்பக்கத்திலும் இல்லை.

சென்ற தவணையில் என் உயர்தர வகுப்பு மாணவருக்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் ‘வரலாறு’ப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். “இதில லைக் போட இடம் இல்லையோ, சேர்?” என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, திருத்த மட்டும் இடமுண்டு என்றேன். தன் ஊர்க் கோயிற் குளத்தின் பெயர் பிழையாயிருக்கக் கண்டு அன்றே திருத்தினாள். மறுவாரம் யாரோ ஒருவர் பழைய பெயரையே மீண்டும் இட்டு, ஆதாரம் எங்கே என்று உரையாடற் பக்கத்திற் கேட்டிருந்தார். அவளும் தோழியர் இருவரும் இப்போது கிராம சேவையாளர் அலுவலகத்திற் பழைய வரைபடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.